கடைசி அலசலில் காடி: வீட்டுச் சலவைக்கு ஒரு பாடம்

தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலை சங்கத்தின் விற்பனை நிலையத்தைக் கடந்து வாங்குவோர் கைக்குச் சென்றதும் நம் பொறுப்பு முடிந்துவிட்டதென நாம் எண்ணுதல் தகாது. அச்சேலை எத்தனை ஆண்டு உழைக்கிறது, எத்தனை சலவைக்குப் பின்னும் நிறம் மாறாமல் இருக்கிறது என்பதைக் கொண்டே மக்கள் கைத்தறியை மதிப்பிடுகின்றனர். துணி நைந்தாலும் வெளிறினாலும் விரைத்துச் சொரசொரத்தாலும் பழி முதலில் நெய்தவர்மீதுதான் விழுகிறது. ஆனால் பல வேளைகளில் குறை தறியில் இல்லை. சலவை வாளியிலேயே இருக்கிறது. ஆகவே துணியைத் துவைக்கும் முறையை நெசவாளரும் அறிந்திருத்தல் வேண்டும். வாங்குவோர்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும். வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் அங்கத்தினர்க்கோ இது தம் அன்றாட உடையைப் பற்றிய செய்தி.

இவ்விதழில் சமையலறையில் இருக்கும் காடி, அதாவது வினிகர், சலவைக்கு எவ்வாறு துணை செய்கிறது, எங்கே துணை செய்வதில்லை, எங்கே கேடு விளைவிக்கிறது என்பவற்றை முறையாக ஆராய்வோம்.

1. காடி என்பது யாது?

புளித்த கஞ்சியையும் காடி என்று வழங்குவதுண்டு. இங்கே நாம் சொல்வது ஊறுகாய்க்கும் சமையலுக்கும் கடைகளில் புட்டியில் விற்கப்படும் புளிப்பு நீரை. சர்க்கரைப் பொருள் முதலில் மதுவாகவும், மது பின்னர் காற்றின் துணையால் காடியாகவும் மாறுகின்றன. இந்த இரண்டாம் மாற்றத்தைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே என்று பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860-களில் ஆராய்ந்து விளக்கினார். காடியின் புளிப்புக்குக் காரணம் அசெட்டிக் அமிலம். கடைக் காடியில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு இருக்கும். எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் நீரே.

சலவைக்கு நிறமற்ற வெள்ளைக் காடியே ஏற்றது. பழங்களிலிருந்து செய்த பழுப்பு நிறக் காடி வெள்ளைத் துணியில் கறை ஏற்றிவிடும். நொதிக்கச் செய்த காடியாயினும், அமிலத்தை நீரில் கலந்து செய்த செயற்கைக் காடியாயினும், துணிக்கு இரண்டும் ஒன்றே.

எலுமிச்சையும் புளியும் வீட்டில் இருக்கக் காடி எதற்கு என்று சிலர் வினவலாம். விடை எளிது. எலுமிச்சையிலும் புளியிலும் உள்ள அமிலங்கள் ஆவியாகிப் போவதில்லை. துணியில் தங்கிவிட்டால், உலர உலர அவற்றின் செறிவு மிகும். இஸ்திரிப் பெட்டியின் சூடும் சேரும்போது பருத்தி இழை பலமிழக்கும். காடியின் அமிலமோ நீருடன் சேர்ந்து ஆவியாகிவிடும். துணி காய்ந்ததும் புளிப்பும் போகும், மணமும் போகும். சலவைக்குக் காடி சிறந்ததாக விளங்குவதற்கு இதுவே காரணம்.

2. காரமும் அமிலமும்

அழுக்கு நீக்கும் பொருள்கள் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைத்ததும் காரத்தின் வலிமையைக் கொண்டுதான். சவுக்காரமும் காரமே. இந்தியாவில் 1959-இல் சர்ஃப், 1969-இல் நிர்மா என்று டிடர்ஜென்ட் தூள்கள் வந்து பரவின. இன்று விற்கும் தூள்கள் பலவற்றிலும் சலவைச் சோடா கலந்திருக்கிறது. காரம் எண்ணெய்ப் பசையைக் கரைக்கும், அழுக்கைத் தளர்த்தும். அந்த அளவில் அது நமக்கு நண்பன். வேலை முடிந்த பின்னும் துணியிலேயே தங்கிவிட்டால் அதுவே பகைவனாகிறது. துணி விரைக்கும், கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களின்மேல் சாம்பல் பூத்ததுபோல் வெண்படலம் தோன்றும், மெல்லிய தோலில் அரிப்பு உண்டாகும்.

முன்னாளில் ஆற்றிலும் ஓடையிலும் துணி அலசினர். ஓடும் நீர் காரம் முழுவதையும் கொண்டு சென்றது. இன்றோ இரண்டு வாளி நீரில் அலசல் முடிந்துவிடுகிறது. முதல் வாளியின் காரத்தில் ஒரு பகுதி இரண்டாம் வாளிக்கும், அதில் ஒரு பகுதி கொடிக்கும் செல்கிறது. இவ்வாறு எஞ்சிய காரத்தை அமிலம் கொண்டு மாற்றுவதே காடியின் முதற்பணி. அமிலமும் காரமும் கூடினால் இரண்டும் தத்தம் கடுமையை இழந்து உப்பாக மாறுகின்றன.

இது புதிய கருத்தன்று. ஐரோப்பாவில் லினன் துணி வெளுப்போர் காரத்தில் வேகவைத்த துணியைப் புளித்த பாலில் ஊறவைப்பது வழக்கம். அதற்குப் பல நாள்கள், சில வேளை வாரக்கணக்கும் ஆகும். ஸ்காத்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் 1756-இல் வெளியிட்ட நூலில், பாலுக்குப் பதிலாக மிக நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். வேலை நாள்கணக்கிலிருந்து மணிக்கணக்குக்குச் சுருங்கியது. வீட்டில் கந்தக அமிலம் வேண்டியதில்லை. அது கூடவும் கூடாது. காடியே போதும்.

3. மஞ்சள் துணிச் சோதனை

துணியில் காரம் எஞ்சியிருப்பதை எவ்வாறு அறிவது? இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, அஞ்சறைப்பெட்டி போதும். மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவதை ஆலத்தி கரைக்கும் ஒவ்வொருவரும் அறிவர். சுண்ணாம்பு காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதே அதன் உட்பொருள். மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சவுக்காரம் தேய்த்ததும் கறை சிவந்து நம்மைத் திடுக்கிட வைப்பதும் இதனாலேயே.

ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைச் சிறிது நீரில் கரைத்து, வெள்ளைப் பருத்தித் துண்டொன்றை அதில் நனைத்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அலசி முடித்த துணியைப் பிழிந்து, அந்நீரில் ஒரு சொட்டை மஞ்சள் துண்டின்மேல் விடுங்கள். சிவந்தால் காரம் எஞ்சியிருக்கிறது. இன்னும் ஒரு முறை அலச வேண்டும். மஞ்சளாகவே நின்றால் துணியில் கடுங்காரம் இல்லை. சிவந்த இடத்தில் ஒரு சொட்டுக் காடி விட்டால் மீண்டும் மஞ்சளாவதைக் காணலாம். காடி செய்யும் வேலையைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி வேறில்லை. மகளிர் கூட்டங்களில் இதைச் செய்து காட்டினால் மறக்கமாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிவந்த மஞ்சள் கறையைக் காடி பழைய மஞ்சள் நிறத்துக்குக் கொண்டுவருமேயன்றி நீக்காது. மஞ்சள் கறையை வெளுக்கச் செய்வது வெயில்தான். துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தினால் கறை படிப்படியாக மங்கும்.

4. எப்போது சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது?

சவுக்காரத்துடன் காடியையும் சேர்த்து ஊறவைத்தால் இரு நன்மையும் ஒருங்கே கிடைக்குமென்று சிலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. ஒரு குவளையில் கெட்டியான சவுக்கார நீர் எடுத்து, அதில் சிறிது காடி ஊற்றிப் பாருங்கள். பால் திரிவதுபோல் வெண்மையாகத் திரிந்து நுரை அடங்கிவிடும். அமிலம் பட்டதும் சவுக்காரம் தான் பிறந்த கொழுப்பாகவே திரும்பிவிடுகிறது. அக்கொழுப்பு துணியில் பிசுக்காக ஒட்டும். டிடர்ஜென்ட் தூள் இவ்வாறு திரிவதில்லை என்றாலும், அதிலுள்ள சோடாவைக் காடி செயலற்றதாக்கிவிடுவதால் தூளும் வீண், காடியும் வீண்.

ஆகவே வரிசை இதுவாக இருக்க வேண்டும்.

முதலில் வழக்கம்போல் துவைத்தல். பின்னர் நல்ல நீரில் இரு முறை அலசல். மூன்றாம் அலசலில்தான் காடி. 15 லிட்டர் வாளி நீரில் 2 மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி காடியை முதலில் நன்றாகக் கலக்கி, அதன்பின் துணியை இட வேண்டும். துணிமேல் நேராகக் காடியை ஊற்றுதல் கூடாது. 5 நிமிடம் அமுக்கி எடுத்துப் பிழிந்து உலர்த்தலாம்.

சலவை இயந்திரத்தில் மென்மையூட்டி ஊற்றும் சிறு அறையில் 60 முதல் 100 மில்லி விடலாம். இயந்திரம் கடைசி அலசலில் தானே எடுத்துக்கொள்ளும். ரப்பர் உறுப்புகள் கெடுமென்று சில தயாரிப்பாளர் எச்சரித்திருக்கின்றனர். ஆகவே இயந்திரத்துடன் வந்த குறிப்பேட்டைப் படித்துப் பார்த்த பின்னரே இதைச் செய்க.

கஞ்சியும் நீலமும் போடுவோர் காடி அலசலுக்குப் பின் ஒரு முறை வெறும் நீரில் அலசிவிட்டு, அதன்பிறகே அவற்றைப் போட வேண்டும். அல்ட்ராமரின் என்னும் நீலப்பொடியை அமிலம் சிதைத்துவிடும். நிறம் மங்குவதுடன் அழுகிய முட்டையின் நாற்றமும் எழும். முத்துச்சிப்பிப் பொத்தான் வைத்த சட்டைக்கும் காடி வேண்டா. சிப்பி என்பது சுண்ணாம்புப் பொருளே; அமிலம் அதன் பளபளப்பை அரித்துவிடும்.

துவாலைக்குக் காடி மிகப் பொருத்தம். கடைகளில் விற்கும் மென்மையூட்டிகள் இழையின்மேல் ஒரு பசைப்படலத்தைப் பூசியே மென்மை தருகின்றன. அதனால் துவாலையின் ஈரம் உறிஞ்சும் ஆற்றல் குறைகிறது. காடி எதையும் பூசுவதில்லை. விரைப்புக்குக் காரணமானதை நீக்க மட்டுமே செய்கிறது. குழந்தைத் துணிகளில் சிறுநீரால் எழும் நெடி அம்மோனியா என்னும் காரத்தால் வருவது. அதையும் காடி மாற்றும். ஆனால் நீர்த்த காடி நோய்க்கிருமிகளை ஒழிக்கும் மருந்தன்று. நோயாளி துணிக்குக் கொதிநீரும் வெயிலுமே வேண்டும்.

5. கிணற்று நீரின் கணக்கு

சொன்ன அளவு போட்டும் பயனில்லை என்று சில ஊர்களில் கூறுவதுண்டு. குறை காடியில் இல்லை, நீரில் இருக்கிறது. இதைச் சிறு கணக்கால் விளக்குவோம்.

நூற்றுக்கு 5 பங்கு அமிலமுள்ள காடி 15 மில்லியில் முக்கால் கிராம் அமிலம் இருக்கும். அது ஏறத்தாழ 0.66 கிராம் சலவைச் சோடாவின் காரத்தை முழுவதும் மாற்ற வல்லது. இரு முறை நன்றாக அலசிய துணியில் எஞ்சும் காரத்துக்கு ஓரிரு கரண்டிக் காடி போதும் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பைகார்பனேட் என்னும் உப்பு கரைந்திருக்கும். அதுவும் அமிலத்தை விழுங்கும். ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக் கணக்கில் காரத்தன்மை உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். 15 லிட்டருக்கு அது 4.5 கிராம் ஆகிறது. அதை முற்றும் மாற்ற 5.4 கிராம் அமிலம், அதாவது 108 மில்லி காடி வேண்டும். நாம் விட்ட 30 மில்லியில் பெரும்பகுதி துணியைத் தொடும் முன்னரே நீருக்கு இரையாகிவிடுகிறது!

இதற்கு இரு வழிகள் உண்டு. கடைசி வாளிக்கு மட்டும் மழைநீர் அல்லது ஆற்றுக் குடிநீரைப் பயன்படுத்துவது முதல் வழி. அது கிடைக்காவிடின் காடியை 60 முதல் 100 மில்லி வரை கூட்டுவது இரண்டாம் வழி. முதல் வழியே சிக்கனமானது. கூரை மழைநீரைச் சேமிக்கும் வீடுகளில் இதற்கென ஒரு குடம் ஒதுக்கி வைப்பது நன்று. நீரின் உப்பை அறியச் சிறிது சவுக்காரத்தைக் கரைத்துப் பாருங்கள். எளிதில் நுரைத்தால் மென்னீர். நுரையாமல் திரிதிரியாக மிதந்தால் கடின நீர்.

6. பட்டும் சரிகையும்

பருத்தி செடியிலிருந்து வந்தது. காரத்தை ஓரளவு தாங்கும். பட்டோ புழுவிலிருந்து வந்தது. நம் முடியைப்போல் புரதத்தால் ஆனது. காரம் பட்டால் பட்டின் பளபளப்பு மங்கி இழை நலியும். எனவே பட்டைச் சோடா கலந்த தூளில் இடுவது அதை அழிப்பதற்கு ஒப்பாகும். பூந்திக்கொட்டை நீரிலோ காரமற்ற திரவச் சவுக்காரத்திலோ மென்மையாகத் தோய்க்க வேண்டும். முறுக்கிப் பிழிதல் கூடாது.

சரிகையில்லாப் பட்டுக்குக் காடி அலசல் நலம் பயக்கும். 10 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பட்டு மீண்டும் பொலிவு பெறும். புதுப்பட்டு கையில் கசங்கும்போது எழும் சரசரப்புங்கூட, நெசவுக்கு முன் பட்டு நூலை மென்மையான அமிலத்தில் தோய்ப்பதால் வருவதே. பட்டுக்கு ஏற்றும் அமிலச் சாயங்களுக்கும் சாயத்தொட்டியில் அசெட்டிக் அமிலம் சேர்ப்பதைக் காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் சாயப்பட்டறைகளில் பணிபுரியும் அங்கத்தினர் அறிவர்.

சரிகை உள்ள சேலைக்கு நிலைமை வேறு. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கலாகாது என்பது நம் வீட்டு விதி. வைத்தால் களிம்பு ஏறும். செம்பும் காடியும் கூடினால் பச்சைக் களிம்பு உண்டாவது உறுதி. அக்காலத்தில் பச்சை வண்ணம் செய்யவே செம்புத் தகட்டைக் காடியின் ஆவியில் வைத்தனர். சாதாரணச் சரிகையின் உள்ளே செம்புக் கம்பியே இருக்கிறது. நல்ல சரிகை வெள்ளிக் கம்பியாயினும் அதிலும் செம்பு கலந்திருக்கலாம். ஆகையால் கரையும் முந்தியும் சரிகையால் அமைந்த சேலையைக் காடி நீரில் இடுதல் வேண்டா. விலையுயர்ந்த சேலையை உலர்சலவைக்குக் கொடுப்பதே தக்கது. காடி நீர் வைக்கும் பாத்திரமும் பிளாஸ்டிக்கு, எவர்சில்வர், மண் ஆகியவற்றால் ஆனதாக இருத்தல் வேண்டும். செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகா.

7. சாயத்தைக் காடி நிறுத்துமா?

புதுத்துணியை உப்பிலும் காடியிலும் ஊறவைத்தால் சாயம் போகாது என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. விற்பனை நிலையங்களிலும் இவ்வாறு சொல்வதைக் கேட்கிறோம். உண்மை என்ன?

பட்டிலும் கம்பளியிலும் ஏற்றிய அமிலச் சாயத்துக்கு இதில் ஓரளவு உண்மை உண்டு. அமிலத்தன்மையுள்ள நீரில் அச்சாயம் இழையை விட்டு எளிதில் விலகாது. பருத்திக்கு இது பொருந்தாது. இன்று பருத்திக்கு மிகுதியாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் 1956-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தவை. அவை காரத்தின் துணையால்தான் இழையோடு பிணைகின்றன, காடியால் அல்ல. சாயம் ஏற்றும்போது பிணையாமல் மேலாக ஒட்டி நிற்கும் பகுதியே பின்னர் வாளியில் இறங்குகிறது. அதை எந்தக் காடியும் நிறுத்தாது. சாயம் ஏற்றிய பின் கொதிக்கும் சவுக்கார நீரில் நூலை நன்றாக அலசி, பிணையாத சாயத்தை அங்கேயே வெளியேற்றிவிடுவது சாயப்பட்டறையின் கடமை.

1960-களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியின் சாயம் கரைவதையே சிறப்பென விளம்பரம் செய்து விற்றனர். அது வணிகரின் சாமர்த்தியம். நம் உள்ளூர் வாடிக்கையாளர் அவ்வாறு மகிழமாட்டார். ஒரு வேட்டி சிவந்துவிட்டால் மறுமுறை நம் கடைப்படி ஏறமாட்டார். ஆகவே, காடியில் ஊறவைத்தால் சரியாகும் என்று சொல்லி அனுப்புவது அவரை ஏமாற்றுவதாகும். முதல் மூன்று சலவை வரை தனியாகத் துவையுங்கள், நிழலில் உலர்த்துங்கள், நெடுநேரம் ஊறவைக்காதீர்கள் என்று சொல்வதே நேர்மை. துணியின் மறைவான மூலையை நனைத்து, வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தால் சாயம் இறங்குமா என்பது தெரிந்துவிடும். சங்கத்துக்கு வரும் ஒவ்வொரு பாவுக்கும் இச்சோதனையைச் செய்யலாம்.

8. குடியானவர் உடைகள்

தோட்டத்தில் உழைப்போர் உடையில் படியும் கறைகளுள் சிலவற்றுக்குக் காடி நன்மருந்து. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைப் பிரெஞ்சு அறிஞர் மில்லார்டே 1885-இல் உலகுக்கு அறிவித்தார். இன்றும் பாக்கு, காப்பி, வெற்றிலைத் தோட்டங்களில் பூசண நோய்க்கு அதைத் தெளிக்கின்றனர். 100 லிட்டர் நீருக்குத் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ என்பது ஒரு சதவீதக் கலவை. உடையில் இது நீலப்புள்ளிகளாய்ப் படிந்து சவுக்காரத்துக்கு அசையாது. செம்புப் பொருளும் சுண்ணாம்பும் அமிலத்தில் கரைபவை. காடியும் நீரும் சம அளவு கலந்து புள்ளிகளில் தடவி, 10 நிமிடம் கழித்து நன்றாக அலசி, பிறகு தனியே துவைத்தால் நீங்கும். வெள்ளையடித்த சுண்ணாம்புத் தெறிப்புக்கும் இதுவே முறை.

வாழைக்கறையோ காடிக்கு அஞ்சுவதில்லை. வாழைத்தோட்டத்துக்கென ஒரு பழைய உடையை ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை. கிணற்று நீரின் இரும்புக் கறைக்குக் காடி சிறிதளவே உதவும். அங்கே எலுமிச்சைச் சாறும் உப்பும் மேல். கறை நீங்கியதும் நன்கு அலசிவிட வேண்டும்.

பூச்சிக்கொல்லி தெளித்த உடையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். காடி அந்நஞ்சை நீக்காது. அவ்வுடையைக் குடும்பத்தார் துணியுடன் சேர்க்காமல், கையுறை அணிந்து, டிடர்ஜென்ட் தூளும் வெந்நீரும் கொண்டு அன்றைக்கே தனியே துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். பாஸ்பரஸ் வகை நஞ்சுகளுள் பல, காரத்தில் விரைவாகவும் அமிலத்தில் மெதுவாகவும் சிதைபவை. எனவே அத்துணிக்குக் காடியைச் சேர்ப்பது காரத்தின் உதவியைக் கெடுப்பதேயாகும்.

9. உயிருக்கு ஆபத்தான கலப்பு

இப்பாடத்தில் மற்றவை மறந்தாலும் இப்பகுதியை ஒருவரும் மறத்தலாகாது. பிளீச்சிங் பவுடருடனோ, பிளீச்சிங் திரவத்துடனோ காடியை ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு எழும். வெள்ளை வேட்டிக்கு இரண்டும் போட்டால் இரட்டிப்பு வெண்மை வரும் என்று எண்ணிச் சாளரமில்லாத குளியலறையில் இவ்வாறு கலப்பது மூச்சுக்குழலைப் பொசுக்கிக்கொள்வதாகும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகள்மீது ஏவியது இதே வாயுவைத்தான்.

பிளீச்சிங் போட்ட துணிக்குக் காடி அலசல் வேண்டா. அவ்வாளியையும் நன்றாகக் கழுவிய பின்னரே காடிக்கு எடுக்க வேண்டும். தவறுதலாகக் கலந்து நெடி எழுமானால், வாளியைத் தூக்கிக் கொட்டவும் முயலாமல் உடனே வெளியேறிக் காற்றோட்டமான இடத்துக்குச் செல்க; கதவு திறந்தே இருக்கட்டும். இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தால் தாமதியாமல் மருத்துவரை நாடுக. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த வெளுப்பான்களுடனும் காடி சேர்க்கலாகாது. தோலையும் கண்ணையும் அரிக்கும் அமிலம் உண்டாகும்.

சாயப்பட்டறைகளில் இருக்கும் செறிந்த அசெட்டிக் அமிலமும், குமரி மாவட்டத்தில் ரப்பர்ப் பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலமும் வீட்டுக் காடி அல்ல. கைபட்டால் புண்ணாகும். அவற்றைச் சோடாப் புட்டியிலோ குடிநீர்ப் புட்டியிலோ ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருதல் பெருந்தீங்கு. பிள்ளைகள் நீரென்று எண்ணிக் குடித்துவிடக் கூடும்.

10. தென்னை வளர்ப்போர்க்கு ஒரு சொல்

காங்கயம் வட்டாரக் கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைக்கும்போது நீர் தரையில் ஓடி வீணாகிறது. அந்நீரில் சர்க்கரை சேர்த்து, முதலில் ஈஸ்டினாலும் பின்னர்க் காடிக் கிருமியினாலும் நொதிக்கச் செய்தால் நல்ல காடி கிடைக்கும். 1981-இல் நிறுவப்பட்ட தென்னை வளர்ச்சி வாரியம் தென்னையின் மதிப்புக்கூட்டிய பொருள்களுள் இதையும் ஊக்குவித்து வருகிறது. இடையில் மது உண்டாவதாலும், விற்பனை உணவுச் சட்டத்துக்கு உட்பட்டதாலும் உரிய அனுமதி பெற்றுச் சங்கமாகச் சேர்ந்து செய்வதே முறை. வளர்ப்போரின் வீண்நீர் நெய்வோரின் துணிக்குக் காவலாகுமானால், இரு சாராரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பயன் அதில் விளங்கும்.

அவ்வாறு செய்த காடியின் வலிமையை ஒப்பிடவும் மஞ்சளே போதும். சலவைச் சோடாக் கரைசல் ஒரு தேக்கரண்டியில் சிறிது மஞ்சள் கலந்தால் சிவக்கும். அதில் கடைக் காடியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு மாறி மஞ்சளாகும்வரை சொட்டுகளை எண்ணுக. அதே அளவு கரைசலுக்கு நம் காடியையும் எண்ணிப் பார்க்க. நம் காடிக்கு இரு மடங்கு சொட்டுத் தேவைப்பட்டால் அது பாதி வலிமையுடையது. சலவைக்கு இரு மடங்கு ஊற்ற வேண்டும்.

படிப்பு வட்டங்களுக்கு வினாக்கள்

1. சவுக்காரத்துடன் காடியைச் சேர்த்தால் நிகழ்வது என்ன? செய்து காட்டுக.
2. உங்கள் ஊர்க் கிணற்று நீருக்குக் கடைசி அலசலில் எவ்வளவு காடி வேண்டும்? மென்னீர் கிடைக்கும் வழி உண்டா?
3. சரிகைச் சேலைக்குக் காடி ஏன் ஆகாது?
4. பிளீச்சிங் பவுடரும் காடியும் உங்கள் வீட்டில் ஒரே அலமாரியில் இருக்கின்றனவா? அவற்றைப் பிரித்து வைக்க இன்று என்ன செய்வீர்கள்?
5. நம் விற்பனை நிலையத்தில் துணியுடன் கொடுக்கத்தக்க சலவைக் குறிப்பை ஐந்து வரியில் எழுதுக.

ஐந்தாம் வினாவுக்கு வரும் விடைகளுள் சிறந்ததைச் சங்கத்தின் செயற்குழு தேர்ந்தெடுத்து அச்சிட்டு, விற்கும் ஒவ்வொரு சேலையோடும் வேட்டியோடும் இணைத்துக் கொடுப்பது நலம். துணி நெய்வது நம் கைத்திறன். அது நீடித்து உழைக்கும் வழியைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.